இரண்டு வீடு, ஒரே அடுப்பு

ஜவ்வாது மலையில் நான் வளர்ந்த காலத்தில் விருந்தாளி என்றால் பெரும்பாலும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்தான். புளி விலை பேச வந்த போளூர் வியாபாரி, தடுப்பூசி போட வந்த நர்சம்மா, பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த வாத்தியார் என்று யாராவது ஒருவர் இருட்டும் நேரத்தில் ஜமுனாமரத்தூர் சாலையை விட்டு எங்கள் ஊர்ப் பாதையில் இறங்கி வருவார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அம்மா உலையில் இன்னும் இரண்டு பிடி சாமை அரிசி சேர்த்துப் போடுவாள். அப்பா பாயை உதறி விரிப்பார்.

எங்கள் வீடு ஒரே அறை. மூங்கில் பிளாச்சை நெருக்கமாகக் கட்டி இருபுறமும் மண் அப்பிய சுவர், மஞ்சம்புல் வேய்ந்த கூரை, சாணம் மெழுகிய தரை. உள்ளே ஒரு மூலையில் அடுப்பு, அடுப்புக்கு மேலே பரண். சாமையும் கேழ்வரகும் விதைக்கு வைத்த அவரையும் அந்தப் பரணில்தான் இருக்கும். புகை பட்டுக்கொண்டே இருப்பதால் தானியத்தில் பூச்சி விழாது. விருந்தாளிக்கு எங்கே பாய் விரிப்பது என்பதில் எந்த வீட்டிலும் மறுபேச்சு இல்லை. அடுப்பை ஒட்டிய இடம் அவருக்கு. மார்கழிக் குளிரில் தணல் இருக்கும் பக்கம்தான் வீட்டிலேயே நல்ல இடம். அதை வந்தவருக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் நாங்கள் கதவுப் பக்கம் சுருண்டு படுப்போம்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பின்னாளில் எங்கள் கொல்லையில் விருந்தினருக்கென்று தனியாக ஒரு வீடு கட்டியபோது, அதன் உள்வேலை முழுவதும் இந்த அடுப்போரத்து இடத்தைச் சுற்றியே நடந்தது.

பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்று நான் ஊருக்குத் திரும்பியபோது, மண்வீடு இருந்த இடத்தில் தம்பி கான்கிரீட் வீடு கட்டியிருந்தான். அம்மா அவனோடு இருந்தாள். என்னிடம் படித்தவர்கள் பிள்ளை குட்டிகளோடு பார்க்க வருவார்கள். உடன் வேலை பார்த்த ஆசிரியைகள் வருவார்கள். காவலூர் வானாய்வகத்தில் வானம் பார்க்க வருகிறவர்கள் யாரோ சொல்லக் கேட்டு, தங்க இடம் கிடைக்குமா என்று கேட்பார்கள். வீட்டில் இடம் போதவில்லை. மாட்டுக்கொட்டகை இருந்த மேட்டில், தம்பி வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில், 12-க்கு 16 அடியில் ஓர் அறை, ஒரு குளியலறை, முன்னால் திண்ணை என்று வேலையைத் தொடங்கினோம். செங்கல் சுவர் எழுந்தது, ஓட்டுக்கூரை ஏறியது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வீடு முடிந்துவிட்டதே என்றார்கள். மேஸ்திரி மட்டும் தலையை ஆட்டினார். “இனிமேதான் டீச்சரம்மா வேலையே. இதுவரைக்கும் செஞ்சது மழைக்கு. இனிமே செய்யறது மனுசனுக்கு.”

அந்த வாரமே தம்பிக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம் வந்தது. அறையின் வடகிழக்கு மூலையில் ஒரு சின்னச் சமையல் மேடை போட வேண்டும் என்றான் தம்பி. கடப்பாக்கல் ஒன்று, சிங்க் ஒன்று, கேஸ் அடுப்பு ஒன்று. வருகிறவர்கள் அவர்கள் இஷ்டத்துக்குச் சமைத்துக்கொள்வார்கள், நமக்கும் தொந்தரவு இல்லை என்பது அவன் கணக்கு. அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: “வந்தவங்க அங்கியே ஆக்கித் தின்னுட்டு அப்படியே போனா, அவங்க நம்ம வூட்டுக்கு வந்ததா ஆவுமா?”

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேறொரு பயத்தைச் சொன்னாள். அடுப்பெரியாத வீடு என்பது நம்மிடையே நல்ல சொல் இல்லை. சாவு விழுந்த வீட்டிலும் பஞ்சம் வந்த வீட்டிலும்தான் அடுப்பு எரியாமல் கிடக்கும். புதுவீட்டை அப்படி விடலாமா? அம்மா அதற்கும் தயங்கவில்லை. “அடுப்பு இல்லாமலா போச்சு? இதோ இங்க எரியுதே. வூடு ரெண்டு, அடுப்பு ஒண்ணு” என்றாள்.

நான் அம்மா பக்கம் நின்றேன். தனி வீடு கட்டுவதே என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. அடுப்போரத்து இடத்தை விருந்தாளிக்குக் கொடுத்த குடும்பம், அவரைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதா? அம்மா சொன்னதில் அதற்கு வழி இருந்தது. படுக்கைக்கு அந்த வீடு, சாப்பாட்டுக்கு இந்த வீடு. அப்படியென்றால் அந்த அறைக்குள் ஒருவர் நிம்மதியாகத் தூங்குவதற்கு வேண்டிய எல்லாம் குறைவில்லாமல் இருக்க வேண்டும். அடுப்பு கொடுத்த சூட்டை வேறு வழியில் கொடுக்க வேண்டும். உள்வேலைக்கு அதுவே அளவுகோல் ஆயிற்று.

முதலில் சுவர். மலையில் வீட்டுக்கு எதிரி ஓதம். தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, ஐப்பசி கார்த்திகையில் அதைவிட உண்டு, அதற்குப் பிறகு மூடுபனி. நான் குடியிருந்த குடியிருப்புகள் பலவற்றில் சிமென்ட் பூச்சின்மேல் பளபளப்பான பெயின்ட் அடித்திருப்பார்கள். இரண்டு மழைக்காலத்தில் அது கொப்புளித்து உரியும், சுவர் உப்புப் பூக்கும், அலமாரிப் புத்தகங்களில் பூஞ்சை ஏறும். தரையிலிருந்தும் வெளியிலிருந்தும் சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் தவிப்பதுதான் காரணம். சுண்ணாம்புப் பூச்சு அப்படியில்லை. அதில் நுண்ணிய துளைகள் உண்டு. ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் திருப்பிக் கொடுக்கும். பழைய கோயில் திருப்பணிகளில் வேலை செய்த ஒரு மேஸ்திரி கிடைத்தது எங்கள் நல்லநேரம். உள்சுவர் முழுவதும் சுண்ணாம்பு என்று முடிவானது.

சுட்ட சுண்ணாம்புக்கல்லைக் குழியில் கொட்டித் தண்ணீர் விட்டபோது அது கொதித்துப் பொங்கியதை ஊர்ப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியிலேயே வாரக்கணக்கில் ஊற வைத்தோம். நீர்க்காத துகள் ஒன்று கலவையில் போனாலும், பூசிய பிறகு அது ஈரம் குடித்து உப்பிச் சுவரில் பொரிந்துவிடும். சல்லடையில் சலித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரை விட்டுப் பிசைந்தார்கள்.

கடுக்காய் எங்கள் மலையின் காய். தை மாசியில் காட்டுக்குள் போய்ப் பொறுக்கி, உலர்த்தி, கூட்டுறவுச் சங்கத்திலோ வியாபாரியிடமோ போடுவது எங்கள் ஜனங்களுக்கு வழிவழியாக வந்த வருமானம். சித்த மருந்துக்கும் தோல் பதனிடவும் அது மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கிப் போவதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இடுப்பு ஒடியப் பொறுக்கிய அம்மாவுக்கு அது சுவருக்குள்ளும் போகும் என்று தெரியாது. கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் வெல்லத்தின் சர்க்கரையும் கலவையை இளக்கமாக்கி, இறுகிய பின் கெட்டிப்படுத்துகின்றன என்று மேஸ்திரி விளக்கியபோது, அம்மா தொட்டியருகே உட்கார்ந்து ஒரு காயை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். “நம்ம காட்டுக் காய் நம்ம வூட்டுலயே நிக்கட்டும்” என்றாள்.

சுண்ணாம்பு வேலையில் அவசரம் உதவாது. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து சீக்கிரம் இறுகுகிறது. சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சங்கொஞ்சமாக வாங்கி மறுபடி கல்லாகிறது. அதற்கு மாதங்கள் ஆகும். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் வெடிக்கும். முதலில் சொரசொரப்பாக ஒரு கை, அது வற்றியபின் மணியாஸ் கட்டை போட்டு இன்னொரு கை, கடைசியில் சலித்த சுண்ணாம்பு மட்டும் மெல்லிசாக. ஒவ்வொரு கைக்கும் நடுவே சுவரில் தண்ணீர் தெளித்து, வெயில் நேரே படாமல் ஜன்னலில் சாக்குத் தொங்கவிட்டோம். சித்தாள் பெண்கள் வேலைக்கு முன்னால் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள், சுண்ணாம்பு தோலைத் தின்றுவிடும் என்று. மாலையில் கை கழுவ வெந்நீரும் தடவ எண்ணெயும் எடுத்து வைப்பதை என் வேலையாக வைத்துக்கொண்டேன். அந்தச் சுவரைத் தொடுகிற யாருக்கும் அந்தக் கைகளின் ஞாபகம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதன்மேல் பெயின்ட் அடிக்கவில்லை. துளைகளை அடைத்துவிட்டால் செய்த வேலைக்குப் பொருளில்லை. வச்சிரப்பசை கலந்த சுண்ணாம்பையே அடித்தோம். சுவரில் கடுக்காயின் லேசான பழுப்பு தெரிந்தது. அந்த நிறம் கண்ணை உறுத்துவதில்லை.

அடுத்தது கூரையின் உள்பக்கம். மேலே மங்களூர் ஓடு. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில் பிறந்த இந்த ஓடு தென்னிந்தியாவின் மழைக்கூரையாகவே ஆகிவிட்டது. மழையை அது நன்றாகத் தாங்கும். ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று நுழையும், தூசி கொட்டும், பல்லி விழும். குரங்குக் கூட்டம் ஓடிப்போனால் ஓடு விலகும். பகலில் வெயில் நேரே இறங்கும், இரவில் உள்ளிருக்கும் சூடு நேரே ஏறிப் போய்விடும். அதனால் ஓட்டுக்குக் கீழே தட்டையான சுட்டமண் சீலிங் ஓடுகளை இன்னொரு வரிசையாகப் பதித்தோம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் காற்றுதான் போர்வை. அதைப் பதித்த அன்று இரவு அறைக்குள் படுத்துப் பார்த்தேன். விடியற்காலையில் வெளியே வந்தபோதுதான் எவ்வளவு குளிர் என்று தெரிந்தது.

ஒயரிங் வேலை பூச்சுக்கு முன்பே முடிந்திருந்தது. சுவரில் காடி வெட்டிக் குழாய் பதித்து, பெட்டிகளின் வாயில் காகிதம் திணித்து வைத்த பிறகே பூச ஆரம்பித்தார்கள். பூசிய சுண்ணாம்புச் சுவரை மறுபடி உடைப்பது பாவம் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பிளக்குக்கு 2.5. மலையில் இடி மின்னல் அதிகம். கொல்லையில் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்கினோம். ஈரக் கையோடு யாராவது சுவிட்சைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து வராதபடி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை வைத்தோம். விருந்தாளிக்கு நம் வீட்டின் குணம் தெரியாது. எந்த சுவிட்ச் எதற்கு என்று தெரியாமல் இருட்டில் தடவுவார். அவருடைய பத்திரம் நம் பொறுப்பு.

எத்தனை விளக்கு, எங்கே என்பதைத் தீர்மானிக்க எனக்குக் காவலூர் உதவியது. எங்கள் மலையிலேயே, ஏறக்குறைய 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த வானாய்வகம். நகரத்து வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடி வந்த வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977 மார்ச் 10 அன்று தெரிய வந்தபோது, அதைப் பதிவுசெய்த இடங்களில் எங்கள் காவலூரும் ஒன்று. பாப்பு 1982-இல் காலமானார். இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அங்கே திறந்துவைத்து, அதற்கு பாப்புவின் பெயரைச் சூட்டினார். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். ஆசிரியையாக இருந்தபோது பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். சாமைக் கொல்லையில் காவல் காத்துக்கொண்டு தினமும் பார்த்த அதே வானத்தை, அவர்கள் மூச்சு விடாமல் பார்த்த பார்வை இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது.

எங்கள் மலையின் சொத்து புளியும் தேனும் மட்டுமில்லை, இருட்டும் சொத்துதான் என்று அப்போது உணர்ந்தேன். அதனால் கூரை நடுவில் பெரிய குழல்விளக்கு வேண்டாம் என்றேன். படிக்க ஒரு விளக்கு தலைமாட்டில், துணி எடுக்க ஒன்று அலமாரிப் பக்கம். திண்ணை விளக்குக்கு மேல்மூடி போட்டு வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி செய்தோம். கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரின் அடியில், முழங்காலுக்குக் கீழே, மங்கலான சிவப்பு விளக்குகள். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம்வரை ஆகும். வெள்ளை விளக்கை ஒரு நொடி போட்டாலும் அது கலைந்துவிடும். சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கலைக்காது. நள்ளிரவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திண்ணைக்கு வருகிறவருக்கு வானம் அப்படியே முழுதாகக் கிடைக்கும்.

தரைக்கு டைல்ஸ் என்று தம்பி பிடிவாதமாக இருந்தான். இரண்டே நாளில் வேலை முடியும் என்றான். அம்மாவுக்கு டைல்ஸ் தரையில் உட்கார்ந்தால் மனம் ஒட்டுவதில்லை. கடைசியில் சிவப்புக் காவித் தரை போட்டோம். அது இன்று அருகிவரும் வேலை. கான்கிரீட் தளத்தின்மேல் சிமென்ட் மணல் கலவையைச் சமமாக விரித்து, அது ஈரமாக இருக்கும்போதே சிமென்ட்டும் சிவப்பு ஆக்சைடும் கலந்த மேல்பூச்சைப் போட்டுக் கரண்டியால் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் கோடாகத் தெரியும், நிறமும் மாறும். விடியற்காலையில் உள்மூலையில் தொடங்கிய மேஸ்திரி, மதியச் சோற்றையும் தள்ளிப்போட்டு, பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து பொழுது சாயும்போது வாசலுக்கு வந்தார். மறுநாளிலிருந்து ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு அம்மாவே உட்கார்ந்து தேய்த்தாள். சாணம் மெழுகிப் பழகிய கை. அரைவட்டம் அரைவட்டமாக அவள் தேய்த்த தரையில் ஜன்னல் வெளிச்சம் நின்றது. மார்கழியில் காவித்தரை சில்லென்றிருக்கும். அதற்குப் பவானி ஜமுக்காளம் ஒன்றும் கோரைப்பாய்கள் சிலவும் வாங்கி வைத்தோம்.

உள்வேலையில் அதிகம் யோசித்தது குளியலறைக்குத்தான். வீட்டின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். விருந்தாளி கூச்சப்படுவதும் வழுக்கி விழுவதும் இங்கேதான். என்னோடு வேலை பார்த்தவர்கள் பலருக்கு இப்போது முழங்கால் வலி. அதனால் வெஸ்டர்ன் கழிப்பிடம், எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள சுவரில் ஒரு கம்பி, சொரசொரப்பான தரை. அறைக்கும் குளியலறைக்கும் நடுவே உயரமான படி கிடையாது, தண்ணீர் தாண்டாத அளவுக்கு ஒரு சின்ன வரம்பு மட்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறப்பதென்றால் காப்பாற்றலாம். கொக்கியும் வெளியிலிருந்து நெம்பித் திறக்கக்கூடியது.

தளத்துக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, தண்ணீர் வடியும் நானி டிராப்பின் வாயைத் துணியால் அடைத்துத் தண்ணீர் கட்டி ஓர் இரவும் பகலும் விட்டுப் பார்த்தோம். மட்டம் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகே டைல்ஸ். மேஸ்திரி வாட்டம் சரியா என்று பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. ஒரு செம்புத் தண்ணீரை மூலையில் மெல்ல ஊற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். எங்கும் தேங்காமல் அது நேரே துவாரத்துக்குப் போன பிறகுதான் வேலையை முடித்துக்கொண்டார்.

வெந்நீருக்கு என்ன செய்வது என்பது பெரிய பேச்சாயிற்று. மழைக்காலத்தில் மின்சாரத்தை நம்ப முடியாது. மூடுபனி நாட்களில் சோலாரும் சூடாகாது. குளியலறையின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு செம்பு அண்டாவை அடுப்போடு சேர்த்துக் கட்டினோம். விறகு வைப்பது வெளியே, குழாய் திறப்பது உள்ளே. புதுவீட்டுக்கு அடுப்பு இல்லை என்று சொன்ன அம்மாவே இந்த அடுப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இத நாம மூட்டறோம். அவங்க குளிக்கறாங்க. இது சரி” என்றாள். சமைக்கும் அடுப்பைக் கொடுத்தால் விருந்தாளி தனித்துப் போகிறார். வெந்நீர் அடுப்பில் வீட்டுக்காரர் ஒவ்வொரு விடியலிலும் அவருக்காகக் கண்விழிக்கிறார். இந்த வேறுபாட்டை எனக்குப் புரிய வைத்தவள் பள்ளிக்கூடம் போகாத என் அம்மா.

மரவேலைக்கு எங்கள் பலா. கொல்லை ஓரத்தில் அப்பா காலத்து மரம் ஒரு புயற்காற்றில் சாய்ந்திருந்தது. சந்தனத்துக்குப் பேர்போன மலை இது. சொந்த நிலத்து மரமானாலும் கேட்டுவிட்டுத்தான் கைவைப்போம். வனத்துறையிடம் சொல்லிவிட்டு அறுத்து, பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி நிழலில் காய விட்டிருந்தோம். ஈரப் பலகையில் கதவு செய்தால் முதல் கோடையிலேயே முறுக்கிக்கொள்ளும். இழைத்தபோது உள்மரம் மஞ்சளாக இருந்தது. வருடம் போகப் போக அது காபிப்பொடி நிறத்துக்குப் போகும். அந்த மரத்தில் ஒரு கதவு, இரண்டு ஜன்னல், ஒரு நீளப் பலகை. நிலையின் அடிப்பகுதியும் சுவரில் புதையும் முனைகளும் கரையானுக்குப் பயந்து எண்ணெய் ஊறியவை.

சுவரோரமாகப் பரண் ஒன்று கட்டச் சொன்னேன். தானியம் வைக்க இல்லை. வருகிறவர்களின் பிள்ளைகள் ஏறிப் படுக்க. கைப்பிடிக் கம்பியும் அகலமான படிகளும் வைத்த அந்தப் பரண்தான் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பிடித்த இடம். பரணுக்குக் கீழே மண்வீட்டிலிருந்து காப்பாற்றி வைத்திருந்த மூங்கில் தொம்பையை நிறுத்தினோம். சாணம் பூசிச் சாமை கொட்டி வைத்த தொம்பை. இப்போது அதற்குள் கம்பளிகளும் போர்வைகளும் இருக்கின்றன. குளிரும்போது யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியில் பால் காய்ச்சும் நாள் வந்தது. அடுப்பில்லாத வீட்டில் எங்கே பால் காய்ச்சுவது? பெரியம்மாவின் கவலை மறுபடி எழுந்தது. அம்மா தம்பி வீட்டு அடுப்பிலிருந்து தணல் எடுத்து வரச் சொன்னாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே முற்றத்தில் மூன்று செங்கல் கூட்டி, புதுப்பானையில் பால் ஊற்றி, அந்தத் தணலிலேயே பொங்க வைத்தாள். பொங்கிய பால் முதலில் புதுவீட்டுக்குள் போனது, மேஸ்திரிக்கும் சித்தாள் பெண்களுக்கும் ஒயரிங் பையனுக்கும். அவர்கள்தான் அந்த அறையின் முதல் விருந்தாளிகள். பாய் விரித்து உட்கார வைத்தோம். மேஸ்திரி தான் பூசிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் குடித்தார். எத்தனையோ வீடுகளுக்குப் பூசியிருக்கிறேன், பூசின வீட்டுக்குள்ளே உட்கார்ந்ததில்லை என்றார்.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் காலை எட்டு மணிக்கு முற்றத்தைக் கடந்து எங்கள் சமையலறைக்கு வந்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் முதல்நாள் வாசலிலேயே நின்றாள். இரண்டாம்நாள் உள்ளே வந்து வெங்காயம் உரித்தாள். ஊருக்குப் போகும்போது சாமைச்சோறு குழையாமல் வடிக்கும் பக்குவத்தை அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டாள். என்னிடம் படித்த ஒருவன், இப்போது நல்ல வேலையில் இருப்பவன், தன் மகனை அம்மா அருகில் உட்கார வைத்து, நான் சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் இந்தப் பாட்டி கையில்தான் சாப்பிட்டேன் என்று சொன்னான். அறைக்குள் சமையல் மேடை இருந்திருந்தால் இந்தப் பேச்சுகள் நடந்திருக்காது. தம்பியே இப்போது அதை ஒப்புக்கொள்கிறான்.

ஏலகிரியைப் போல எங்கள் மலையிலும் விடுதிகள் வரத் தொடங்கிவிட்டன. கண்ணாடிச் சுவர், பளிங்குத் தரை, மரத்துக்கு மரம் வண்ண விளக்கு. மலைக்கு வருகிறவர்கள் மலையைப் பார்க்க முடியாதபடி அவை கட்டப்படுவதைப் பார்க்கும்போது மனம் நோகிறது. எங்கள் பிள்ளைகள் சிலரும் கொல்லையில் அறை கட்டி வாடகைக்கு விட நினைக்கிறார்கள். அது நல்ல வருமானம், அவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். அவர்கள் வந்து யோசனை கேட்கும்போது நான் சொல்வது இதுதான். வெளிச்சுவருக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை உள்ளே போடுங்கள். ஓதம் ஏறாத சுவர், குளிர் இறங்காத கூரை, வழுக்காத குளியலறை, கண்ணைக் குத்தாத விளக்கு, இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். கடுக்காயும் பலாவும் மூங்கிலும் நம்மிடமே இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டுக் கீழேயிருந்து எல்லாவற்றையும் ஏற்றி வராதீர்கள். இருட்டைக் காப்பாற்றுங்கள். சமையலறை மட்டும் வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் என்ன வெந்திருக்கிறதோ அதையே அவர்களுக்கும் போடுங்கள். தூங்குவதற்கு மட்டும் அறை கொடுத்தால் அவர்கள் ஊரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். உங்கள் அடுப்படிக்கு அழைத்தால்தான் நம்மைத் தெரிந்துகொண்டு போவார்கள்.